சதீஷ் வண்டி பல்பு

பேய், முனி எதற்கும் நான் பயந்தவன் இல்லை. விடியுமுன் இருட்டில் பால் எடுக்கப் போகிறவன் பயந்தால் பிழைப்பு நடக்காது. சாமி கும்பிடுவேன், அதோடு சரி. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அடுத்த ஊருக்கு முந்திரிக்காட்டுக்குள் ஒரு மண் தடம் போகும், அதுதான் குறுக்கு வழி. என் ஸ்கூட்டர் ஹெட்லைட் மஞ்சளாக அழுது வடியும், மெதுவாகப் போனால் இன்னும் மங்கிவிடும், பள்ளம் தெரியாது. பாலோடு விழுந்திருக்கிறேன். எல்இடி போடலாம் என்று மெக்கானிக்கிடம் போனேன். அவன் மூலையில் நசுங்கிக் கிடந்த ஒரு ஸ்கூட்டரைக் காட்டினான்.

"அதுல ஒண்ணு கெடக்குண்ணே. வெள்ளையா அடிக்கும். ஆனா சதீஷ் வண்டி. செத்தவன் சாமான்னு ஒருத்தனும் தொட மாட்டேங்குறான்."

"பல்புக்கு என்னடா தெரியும்? மாட்டு."

"பெறகு என்னைய வந்து கேக்கக் கூடாது."

"நீ என்ன பூசாரியா, ஒன்னைய வந்து கேக்க? மாட்டுடா."

சதீஷ், பக்கத்து ஊர் அமுதா அக்காவின் ஒரே மகன். அவள் வீட்டுப் பாலை எனக்குத்தான் ஊற்றுவாள். போன முந்திரி சீசனில் ஒரு விடியற்காலை அந்த மண் தடத்தில் அவன் செத்துக் கிடந்தான். கழுத்தில் நீளமாக ஒரு கீறல். குடித்துவிட்டு வேகமாக வந்து தாழ்ந்த கிளையில் மோதிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. அந்தக் கிளையையும் வெட்டிப் போட்டார்கள். அமுதா அக்கா மட்டும் தினமும் பால் ஊற்றும்போது ஒன்றையே சொல்வாள்.

"எம்புள்ள குடிக்க மாட்டான் தம்பி. ஊரு என்னமும் சொல்லட்டும். ஒங்களுக்குத் தெரியுமுல்ல?"

தெரியும்க்கா என்பேன். வேறு என்ன சொல்ல.

பல்பு மாட்டிய மறுநாள் விடியுமுன் கிளம்பினேன். நல்ல வெளிச்சம், காட்டுக்குள் இலை இலையாகத் தெரிந்தது. வெட்டிய கிளையின் முண்டு இருக்கிற இடம் வந்ததும் தடத்துக்குக் குறுக்கே ஏதோ மின்னியது. கம்பி. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, என் கழுத்து உயரத்தில். பிரேக்கைப் பிடித்தேன், வண்டி சறுக்கி, நான் விழுந்து, வெறும் கேன்கள் உருண்டு ஓடின. எழுந்துபோய்க் கையால் துழாவினேன். ஒன்றும் இல்லை.

முந்திரிக்கொட்டை திருட ராத்திரியில் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் காவல் இருப்பவர்களில் சிலர் தடத்தில் கம்பி கட்டிவைத்து விடியுமுன் அவிழ்த்துவிடுவது உண்டு. ஆனால் அது சீசனில். இப்போது மரத்தில் பூ கூட வைக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மெதுவாகப் போனேன். முண்டுக்கு முன்னால் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், வெளிச்சத்தை அங்கேயே பிடித்தேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி, கம்பி இருந்தது. ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. மரத்தடியில் ஒரு ஆள் குத்தவைத்து, அதைக் கையில் வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இருட்டில் ஒரு வண்டிச் சக்கரம் சும்மா சுற்றும் சத்தம் கேட்டது. அந்த ஆள் வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினான். என் அண்ணன்.

நான் கிளம்பும்போது அண்ணன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். போன சீசனில் அந்தக் காட்டுக்குக் காவல் அவன்தான்.

லைட்டை அணைத்து மறுபடி போட்டேன். வெறும் தடம்.

அன்று பால் எடுக்கவில்லை, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். விடிந்திருந்தது. அண்ணன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா வெறுங்கேனோட வார? மாடெல்லாம் லீவு கேட்டுருச்சா?"

"அண்ணே, போன சீசன்ல தடத்துல கம்பி கட்டுனியா?"

கை நின்றுவிட்டது. நுரை தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை. நான் உள்ளே போகத் திரும்பியபோதுதான் பேசினான்.

"அந்தப் பயலோட பல்பக் கழட்டிரு."

பல்பு மாற்றியதையே நான் வீட்டில் சொல்லவில்லை. மெக்கானிக்கைக் கேட்டேன், பிள்ளைகள்மேல் சத்தியமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை என்றான். அந்த வாரமே அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனான். ஊருக்கு வருவதில்லை. போன் எடுத்தாலும் நான் பேச்சை ஆரம்பிக்குமுன் வைத்துவிடுகிறான்.

பழைய மஞ்சள் பல்பையே மாட்டிவிட்டேன். அப்புறம் கம்பி தெரியவில்லை. ஆனால் அந்த இடம் வந்தால் தலை தானாகக் குனிகிறது. கிளை இல்லை, ஒன்றும் இல்லை, பட்டப்பகலிலும் குனிகிறேன்.

அமுதா அக்காவிடம் சொல்லவில்லை. லைட்டில் பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவார். நம்பிவிட்டால், அவன் என் கூடப்பிறந்தவன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, பஸ் போய்விட்டது. கொண்டுபோய் விடுங்க தம்பி என்றாள். மகன் போனபிறகு அந்தத் தடத்தை அவள் மிதித்ததில்லை. ஏறி உட்கார்ந்து மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். முண்டு தெரிந்தது. நான் குனியுமுன்பே அவள் பேச்சு நின்றது. குனிந்த அவள் நெற்றி என் முதுகில் வந்து அழுந்தியது. நானும் குனிந்தேன். அந்த இடம் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

ஏன் குனிந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பால் ஊற்றும்போது, ஒங்களுக்குத் தெரியுமுல்ல என்று அவள் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றுகிறாள்.