டம்ளர் நடுங்கியதும் எண்ணத் தொடங்குபவர்

காதர் பாய் போய்விட்டார். இன்று காலை, மாரடைப்பு.

எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷினில் பதினாறு வருஷம் என் பக்கத்தில் நின்றவர்... இன்னும் நம்ப முடியவில்லை.

கிறுக்குத்தனமாக எதைக் கேட்டாலும் வேஸ்ட் ஷீட்டைத் திருப்பிப்போட்டுக் கணக்குப் போடுவார். வெம்பக்கோட்டை அணையை டீ கிளாஸால் மொண்டு காலி பண்ண எத்தனை நாள் ஆகும் என்று ஒருநாள் சும்மா கேட்டுவைத்தேன்.

"சிவகாசிச் சனம் அம்புட்டும் எறங்கணும். ஆளுக்கு நிமிசத்துக்குப் பத்து கிளாஸ்... மூணு மாசம் மாப்ளே. கூட ஒண்ணு, கொறைய ஒண்ணு. ஆனா சீசன்ல லீவு தர மாட்டாக."

அந்தக் "கூட ஒண்ணு, கொறைய ஒண்ணு" இல்லாமல் அவர் எந்த விடையும் சொன்னதில்லை.

என் மனைவி செல்விக்கு வெடி கம்பெனியில் வேலை. அச்சகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர். செல்ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எங்கேயாவது சத்தம் கேட்டால் அவள் வெளியே வரும்வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது.

ஒருநாள் மேஜை மேல் டம்ளர் தண்ணீர் நடுங்கியது. பாய் உடனே எண்ணத் தொடங்கினார். அதிர்வு தரை வழியாக முதலில் வந்துவிடும், சத்தம் பின்னால்தான் வரும், மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர்... இது அவர் கணக்கு.

பன்னிரண்டில் டமார்.

"நாலு கிலோமீட்டர். கூட ஒண்ணு..." சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நாலும் ஒன்றும் ஐந்து. "ஒரு பொய் சொல்லக்கூடாதா பாய்?" என்று கத்திவிட்டேன்.

"பொய் சொன்னா அடுத்த தடவ என்னைய நம்புவியா? ஏறு வண்டில. போய்ப் பாத்துருவோம்."

செல்வி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். வெடித்தது வழியில் வேறொரு கம்பெனி. நிம்மதியாக இருந்தது... நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. பாய் வண்டி மீட்டரைக் குனிந்து பார்த்தார். கணக்கு சரியா தப்பா என்று அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இன்று மதியம் அவரை அடக்கம் பண்ணிவிட்டு அச்சகத்துக்குத் திரும்பினேன். மூன்று மணி சுமாருக்கு ஒரு சத்தம். டம்ளரை யாரும் பார்த்திருக்கவில்லை. எங்கிருந்து எண்ணுவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன்.

பஸ்ஸில் ஏறும்போது செல்வியின் ஃபோன்.

"இங்க ஒண்ணுமில்லங்க, பயப்படாதீக. எல்லாரையும் வெளிய விட்டுட்டாக. எங்கனயோ தூரத்துல... பாய் எம்புட்டு தூரம்னாரு?"

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் செய்தி வந்தது. அவளுக்குத் தெரியாது.

போய் வாங்க பாய்...