கண்காட்சிக்குப் போன கம்பளி

நடந்தவை, வரிசையாக:

1. தோட்டத்துத் துரையின் மனைவி, துரைச்சாணி, ஆள் விட்டு, தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மழைக்குத் தலையோடு போர்த்திக்கொள்ளும் கம்பளிகளில் மிகப் பழையது ஒன்று வேண்டும் என்று கேட்டார்.
2. கணக்கப்பிள்ளை எங்கள் அம்மாவினுடையதைக் கைகாட்டினார்.
3. ஒரு வாரத்துக்குத்தான் என்றார்கள். கொடுக்கச் சொன்னது நான்.
4. கொடுப்பதற்கு முன் அம்மா அதைத் துவைத்துவிட்டாள்.
5. அதனால் எனக்கு வேலை வந்தது.

கம்பளி துரைச்சாணிக்கு அல்ல, அவருடைய சிநேகிதிக்கு. லண்டனில் துணிக்கலை படித்துத் திரும்பிய யாழ்ப்பாணத்துப் பெண்மணி. நுவரெலியாவில் ஒரு மண்டபத்தை எடுத்துக் கண்காட்சி வைத்தார். நாளைய மனிதர்கள் எதை உடுத்துவார்கள், கைவேலை என்ன ஆகும் என்பது பொருள். நாளைய மனிதர்களுக்கு எங்கள் லயத்து வரிசைவீட்டின் பழைய கம்பளி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கண்டியில் இரண்டு வருடம் தையலும் சாயமிடுதலும் படித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். தோட்டத்தில் தொடங்கவிருந்த தையல் வகுப்புக்கு என்னை ஆசிரியையாக வைப்பதாகத் துரைச்சாணி சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டிருக்க அது போதுமானதாக இருந்தது.

அம்மா செய்தது தோட்டத்தில் எவளும் செய்யக்கூடியதுதான். பங்களாவுக்குப் போகிற சாமான் அழுக்காகப் போகலாமா? சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, தண்ணீர் விழும் பீலிக்கரைக் கல்லில் அடித்து, இரண்டு நாள் அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெண்மணி அதை விரித்துப் பார்த்தார்.

"ஐயோ, ஆர் இதைத் தோய்ச்சது? அந்தக் கறையிலைதானே வடிவு இருந்தது!"

அம்மா என் முழங்கையை இடித்தாள். "என்னாடி சொல்றாங்க? இன்னும் அழுக்கு போவலயாமா?"

"போயிருச்சாம், அம்மா. அதான் கோவம்."

கறையைத் திரும்பப் போடும் பொறுப்பு, படித்தவள் என்பதால், என்னிடம் வந்தது. தூள் தேயிலையைக் கொதிக்கவைத்தேன். நிறம் பிடிக்கப் படிகாரம், கருக்க அன்னபேதி. தோளிலும், கூடைக்கயிறு பதியும் தலைப்பக்கத்திலும், இடுப்பிலும் ஊற்றினேன். பெண்மணி பக்கத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதிலை துக்கம் காணாது, பிள்ளை. இன்னும் கொஞ்சம் துக்கம் வேணும்."

இன்னும் ஒரு கரண்டி அன்னபேதி போட்டேன். என் பாடப்புத்தகத்தில் துக்கத்துக்கு வேறு அளவு இல்லை.

ஒரு வாரம் மூன்று வாரமானது. அந்த மூன்று வாரமும் மழை. அம்மா அரிசிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். சாக்கு ஒரு மணி நேரத்தில் ஊறி, கூடையைவிடக் கனத்தது. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டில் கங்காணி எல்லோரும் கேட்கக் கேட்டார்: "என்னா அக்கா, ஒங்க கம்பளி டவுனுக்குப் படிக்கப் போயிருக்காமே?"

"ஆமாங்க. நீங்களும் கூடப் போயி ரெண்டெழுத்து கத்துக்கிட்டு வாங்க."

சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவளுக்கு இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது. ஒருநாள் பெயர் கொடுத்துவிட்டு, கொழுந்தெடுக்கும் வரிசையிலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். மறுநாள் காலை நான் ராகலையில் நுவரெலியா பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் செப்புக்கம்பியில் பின்னிய பாவாடை ஒன்று இருந்தது. அதை உடுத்தியவள் உட்கார முடியாது. ஒற்றைக் கை வைத்த மேற்சட்டை ஒன்று. தையல் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. அதை நான் தைத்திருந்தால் பரீட்சையில் தோற்றிருப்பேன். அம்மாவின் கம்பளி ஒரு பலகையில் ஆறு ஆணி அடித்துத் தொங்கியது. கீழே ஒரு அட்டையில் 'நாளைய பெண்' என்று எழுதியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல மழைக்கோட்டு வைத்திருந்தார்கள். அவற்றைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு வந்து, கம்பளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

எப்போது கிடைக்கும் என்று பெண்மணியிடம் கேட்டேன்.

"அடுத்ததாக் கொழும்புக்குக் கொண்டு போறம். உமக்கு விளங்கவேணும், இது இனிக் கம்பளி இல்லை, கலை. திரும்பி வந்தாப் பிறகு அம்மாவுக்குப் புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

"அதுவரைக்கும் மழை நிக்குமாங்க?"

அவர் பக்கத்தில் நின்ற துரைச்சாணியைத் திரும்பிப் பார்த்தார். துரைச்சாணி என்னைப் பார்த்த பார்வையில் தையல் வகுப்பு முழுவதும் இருந்தது. புரிந்துகொண்டேன். பையிலிருந்த கத்தரிக்கோலின் முனையால் ஆணிகளை நெம்பினேன். அவசரப்படவில்லை, இழுத்தால் கம்பளி கிழியும். ஆறையும் எடுத்து அட்டையின் மேல் வைத்தேன். கம்பளியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கையால் எதையும் தடுப்பதில்லை.

ஆறு ஓட்டையையும் இழைபோட்டு அடைத்துவிட்டேன். கறை போகவில்லை, அந்தச் சாயம் போகாது. தையல் வகுப்பு சென்ற மாதம் தொடங்கியது. வெளியிலிருந்து ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். எனக்கு வேலை இல்லை. அம்மாவின் இருமல் குறைந்திருக்கிறது. இன்று கம்பளி போட்டுக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறாள்.