இடது பின்மூலை

மாடி வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்ற வந்த ஆள், கீழே நின்ற கூட்டாளிக்குச் சைகை காட்ட, இரும்புக் குழாயை ஸ்பானரால் மூன்று தரம் தட்டினான். டங். டங். டங். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன் போலிருக்கிறது. யாரோ என்னைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கப் போகிறார்கள் என்று உடம்பு காத்திருந்தது. ஐம்பதைத் தொட்ட உடம்பு, எத்தனையோ மறந்துபோன உடம்பு, இதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் தூக்கு.

அது என் நாத்தனாரும் அவள் அண்ணனும், அதாவது என் கணவரும், பேசிக்கொண்ட பாஷை. இருவரும் கோலார் தங்கவயலில், ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் பார்த்திராத என் மாமனார், தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில், ஆட்கள் போய்வருகிற கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்க மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். வீட்டிலும் அதே மணிதானாம். சாப்பிடும்போது தட்டில் ஒரு தட்டு தட்டினால் சோறு போதும் என்று அர்த்தம். நான் பூதிகோட்டைக்காரி. தக்காளித் தோட்டம், மாடு, பம்ப்செட். யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற குடும்பம். கல்யாணமாகி வந்த முதல் வாரம், குளிக்கிற அறைக்குள்ளிருந்து அவர் வாளியை இரண்டு தரம் தட்டினார். என்னவென்று நான் யோசிப்பதற்குள் அவள் கொடியிலிருந்து துண்டை உருவிக் கதவிடுக்கில் நீட்டிவிட்டாள். புருஷனுக்குத் துண்டு கொடுப்பதில்கூட நான் இரண்டாவது ஆள்.

என்னைவிட மூன்று வயது இளையவள். ஐடிஐயில் டர்னர் வேலை படித்துவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் இருந்தாள். சாயந்தரம் வீட்டுக்கு வந்து தலையை அவிழ்த்தால் முடிக்குள்ளிருந்து இரும்புச் சுருள்கள் உதிரும், பெருக்குகிறவள் நான். தமிழ் பி.ஏ.வை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, கிழித்த காலண்டர்த் தாள்களின் பின்பக்கம் நாலு வரி, ஆறு வரி என்று எழுதி அரிசி டப்பாவின் அடியில் ஒளித்துவைத்தவளும் நான்தான். அவள் செய்ததையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கலாம், உருட்டலாம், திருகலாம். நான் செய்தவற்றின் மேல் அரிசி கிடந்தது.

சுரங்கம் மூடுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு அந்த ஸ்டேஷன் வேகன் எங்கள் லைனுக்கு வந்தது. பின்பக்கம் நீண்டு கிடந்த, வெளுத்த பச்சை வண்டி. பெங்களூரில் ரேஸ் வண்டிகள் தயார் பண்ணுகிற ஒரு ஷெட் முதலாளி அதன் சொந்தக்காரர். மலைப்பாதைப் பந்தயங்களுக்கு டயரும் சாமான்களும் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போகிற வண்டி அது. பாரம் ஏறினால் வால் தரையில் இழுக்கும், காலியாக ஓடினால் குதிக்கும். அதற்காக வெளிநாட்டு வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு ஷாக் அப்சார்பர்களை அவர் சாக்குப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 'காயில் ஓவர்' என்றார். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரையே சுற்றிக்கொண்டிருக்கும். உடம்பில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஒரு வளையத்தைத் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். உச்சியில் பித்தளைத் திருகு ஒன்று. அதை ஒரு சொடுக்கு மூடினால் சவாரி கடினம், திறந்தால் மெது. சாமான் நல்ல சாமான்தான், ஆனால் இந்த வண்டிக்குப் பொருந்தாது. பொருத்துகிற ஆள் கோலார் தங்கவயல் லைன் வீடுகளில்தான் கிடைப்பான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். டம்பர் லாரிகளின் ஆளுயரச் சக்கரங்களில் வேலை செய்து பழகிய கை. முதலாளி அவரைத் தேடித்தான் வந்தார். வண்டிக்கடியிலிருந்து எழுந்து வந்து, மேல்பிடிக்கு எந்தத் தகடு, எத்தனை கனம், எங்கே வெல்டிங் என்று சொன்னவள் அவர் தங்கை. முதலாளி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இது சரியா வந்துடுச்சுன்னா, உன்ன மாதிரி ஒரு ஆள் என் ஷெட்டுக்கு பேக்கும்மா," என்றார். வேண்டும் என்பதைக் கன்னடத்தில் சொன்னார். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்துவிட்டாள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. ஷிஃப்ட் முடிந்து அவர் வருவார், பட்டறை முடிந்து அவள் வருவாள், வாசலில் வண்டியை ஏற்றி இருவரும் அடியில் புகுந்துவிடுவார்கள். நான்கு கால்கள் மட்டும் வெளியே தெரியும். அதற்குமேல் பேச்சில்லை, தட்டல்தான். டங் டங் டங். ஜாக்கி ஏறும். டங் டங். இறங்கும். டங். இரண்டு டம்ளர் டீயைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். டீ ஆறி ஆடை கட்டும். எப்போதாவது சண்டை வந்தால்தான் வாய் திறக்கும்.

"இப்பவே முறுக்காதண்ணா! தொங்கறப்ப முறுக்குனா உள்ள ரப்பர் புஷ் திருகிக்கும். வண்டி கால்ல நிக்கட்டும், அப்பறம் முறுக்கலாம்."

"எனக்கே சொல்றியா நீ?"

"நீ டம்பருக்கு முறுக்கறவன். இது காரு. மெதுவா."

அவர் சிரிப்பார். நான் ஒரு வார்த்தை அந்த மாதிரி சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருப்பார். அந்தச் சிரிப்பை, சைக்கிள் விளக்கு திரும்பும்போது சுவரில் ஓடுகிற வெளிச்சத்தைப் போல, நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். என் பக்கம் வராமலே கடந்துபோகும்.

பிறகு ஒருநாள் எனக்கும் வேலை வந்தது. வண்டியின் நான்கு மூலையும் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஓட்டுகிறவரின் பாரம் இருக்கையில் இருக்க வேண்டும். முதலாளி கனத்த ஆள். அவள் வாசலில் நின்று என்னை ஒரு கண்ணால் எடைபோட்டாள். "அண்ணியும் அரை மூட்டை ராகியும் சேந்தா சரியா இருக்கும்ணா." லைனே சிரித்தது. எதிர்வீட்டு அக்கா, "ராகி பக்கத்துல பாத்து ஒக்காரும்மா, களி கிண்டிடப் போறாங்க," என்றாள். மடியில் மூட்டையோடு ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தேன். அசையாதீங்க, அண்ணி. மூச்சு வாங்காதீங்க, அண்ணி. மூலைகளை அமுக்கி அமுக்கி விட்டார்கள். ஒரு மூலையில் வளையத்தை ஏற்றினால் எதிர் மூலையும் கனக்குமாம், மறுபடி அதைத் திருத்துவார்கள். அவர்கள் கீழே தட்ட, நான் மேலே ஏறினேன், இறங்கினேன். அந்தப் பாஷையை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் பாரம். பாரத்துக்குக் காது இருக்கும் என்று யார் நினைக்கிறார்கள்?

அவள் போகட்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. அவள் போனால் அந்த வீட்டில் துண்டு கொடுக்க நான் இருப்பேன். ஆனால் போவதென்றால் ஜெயித்துத்தான் போவாள். பெங்களூர், ஷெட், சம்பளம், கையில் ஒரு தொழில், பின்னால் லைன் முழுக்க அவள் பேச்சு. நான் மிச்சமிருப்பேன், அரிசி டப்பாவோடு. போகவும் வேண்டும், ஜெயிக்கவும் கூடாது. இந்த இரண்டும் என் நெஞ்சுக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தன.

முதலாளி ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் அவர் ஷிஃப்டில், அவள் பட்டறையில். வண்டி வாசலில் தனியாக நின்றது, பின்கதவு பூட்டாமல். சாமான் வைக்கிற இடத்துக் கம்பளத்தின் மூலையைத் தூக்கினால் பித்தளைத் திருகு தெரியும். முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்பது சொடுக்கு திறந்து வைத்திருந்தார்கள். எதையும் எழுதிவைக்கிற வழக்கம் அவர்களுக்கில்லை. இடது பின்மூலையை நான் மூடினேன். டிக். டிக். ஒவ்வொரு சொடுக்கும் விரல் நுனியில் பருப்புபோல் உடைந்தது. ஒன்பதாவதுக்குப் பிறகு திருகு நகரவில்லை. கம்பளத்தைப் போட்டு மூடிவிட்டு உள்ளே வந்து புளியைக் கரைத்தேன். குழம்புக்கு உப்பைக்கூட அளவாகப் போட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது.

ஞாயிறு காலை முதலாளி வந்தார். டயர்களையும் இரும்புப் பெட்டிகளையும் பின்னால் ஏற்றச் சொன்னார். "பந்தயத்துல எப்படிப் போவோமோ அப்படியே போலாம். மூணு பேரும் ஏறுங்க. நீங்களும்தாம்மா," என்றார் என்னிடம். அவருக்குப் பக்கத்தில் அவள். பின்னால் என் கணவர் வலது பக்கம், நான் இடது பக்கம். நான் மூடிய மூலையின் மேலேயே என்னை உட்காரவைத்தார்கள்.

தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகளைத் தாண்டிப் பங்காரப்பேட்டை ரோட்டில் வேகம் பிடித்ததும் வண்டி உதைத்தது. ஒவ்வொரு பள்ளமும் என் இடுப்பெலும்பில் வந்து நின்றது. வளைவில் வால் ஒரு முழம் தாவியது. முதலாளி முகம் சுருங்கிற்று. "ஏனம்மா இது? பின்னாடி லெஃப்ட் எகிறுது. மூட்டை தூக்குற ஆட்டோகூட இதைவிடப் பரவால்ல."

"நேத்து காலைலகூட நான் அமுக்கிப் பாத்தேன் சார், சரியாதான் இருந்துது. நேத்து வரைக்கும்…" என்று என் கணவர் ஆரம்பித்தார். முன்னிருக்கையில் அவள் டேஷ்போர்டை ஒரு தரம் தட்டினாள். அவர் வாய் மூடிக்கொண்டது.

வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கினாள். பின்கதவைத் திறந்தாள். என் தலைக்குப் பின்னால் கம்பளம் விலகுகிற சத்தம். அவள் விரல் திருகைத் தேடுகிற உரசல். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திருகு ஓட்டத்தில் ஒரு சொடுக்கு நழுவலாம், ஒன்பதும் நழுவாது. அண்ணன் தொட்டிருக்க மாட்டான். வீட்டில் வேறு யார்? நான் திரும்பவில்லை. கழுத்தில் அவள் பார்வை வெயில் மாதிரி விழுந்தது. பிறகு அவள் திறந்த ஒன்பதையும் நான் எண்ணினேன்.

முன்னால் வந்து ஏறி உட்கார்ந்து சொன்னாள்: "என் தப்புதான் சார். எண்ணும்போது விட்டுட்டேன்."

"எண்ணிக்கை தப்பினா மலைமேல ஆள் செத்துப்போவான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா விட்டே?"

"இனிமே வுட மாட்டேன் சார்."

முதலாளி வண்டியை எடுத்தார். தேடித்தேடிப் பள்ளத்தில் விட்டார். வண்டி அமுங்கியது, எழுந்தது, அடங்கியது. ஒரே மூச்சு. வளைவில் சாமான்களோடும் எங்களோடும் ஒரு தாய்நாய் திரும்பிப் படுப்பதுபோல் சாய்ந்து நிமிர்ந்தது. பங்காரப்பேட்டையில் டீக்கடை வாசலில் நிறுத்தி, பானட்டைக் கையால் தடவிக்கொண்டே, "புதன்கிழமை வந்துடு," என்றார். என் கணவர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். அது எதற்கென்று யாரும் கேட்கவில்லை. ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மூன்று நாளும் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அண்ணனிடம் சொல்லியிருந்தால் இல்லையென்று சாதித்திருப்பேன். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு, சாதாரணமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லேத்தில்தான் என்னால் அவளைத் தொட முடியாது என்று நினைத்திருந்தேன். பெருந்தன்மையிலும் அவள்தான் முந்தி. அவளுக்காக முறுக்குச் சுட்டேன், புளியோதரை கட்டினேன். எண்ணெய் கொதிக்கக் கொதிக்க எனக்கு அவள்மேல் எரிந்தது. நல்லவளாக இருக்கிற வாய்ப்பைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லையே என்று எரிந்தது.

இன்றைக்கு அவளுக்குப் பெங்களூர் வெளிவட்டச் சாலையில் சொந்த ஷெட். பலகையில் அவள் பெயர். சுரங்கம் மூடிய பிறகு பாதி ஊர் அவள் ஏறிய அதே காலை ரயிலில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறது. அவள் ஒருத்திதான் துரத்தப்படாமல், கேட்டுக் கூப்பிடப்பட்டுப் போனவள். பொங்கலுக்கு வருவாள். என் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து வருவாள், என் சமையலைப் புகழ்வாள், அண்ணனோடு வாசலில் உட்கார்ந்து சிரிப்பாள். வாரம் ஒருமுறை அவருக்குப் போன் வரும். எனக்கென்று அவள் ஒரு கடிதம் போட்டதில்லை. கடிதம் போடுகிற வழக்கமே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது. இருந்தும் தபால்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பினால் நான் எட்டிப் பார்க்கிறேன். நான் எழுதுகிற இதை என் கணவர் படிப்பார். படிக்கட்டும். அவருக்குத் தெரியாதது இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

அவள் கிளம்பிய அந்தப் புதன்கிழமை காலை, ஊரிகம் ஸ்டேஷன். அவர் தண்ணீர் பாட்டில் நிரப்பக் குழாயடிக்குப் போயிருந்தார். ஜன்னல் கம்பிக்கு உள்ளே அவள், வெளியே நான். புளியோதரைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: "எனக்காகத்தானே அன்னைக்குப் பழியை ஏத்துக்கின?"

அவள் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்காகவா? இன்னா அண்ணி நீங்க. வீட்டுச் சண்டை வண்டி வரைக்கும் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா அந்தாளு என்னச் சேத்துப்பானா? எனக்குப் போவணும். அதுக்குச் சொன்னேன்."

ரயில் ஒரு குலுக்கு குலுங்கி நகர்ந்தது. நான் ஜன்னலோடு நடந்தேன். எனக்குக் கோபம் வந்ததா, நிம்மதி வந்ததா, இன்னும் சொல்லத் தெரியவில்லை. "என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"கீது அண்ணி," என்றாள். "ஆறுனதும் லெட்டர் போடறேன்."