ரவுண்டானாவில் இரண்டு விநாடி

1. ஏழு இரண்டான கதை

ஆவடிப் பக்கம் ஒரு ரவுண்டானாவுக்குப் புதிதாக சிக்னல் போட்டோம். நான் காண்ட்ராக்ட் கம்பெனியில் சிக்னல் டெக்னீஷியன். இந்த வேலையில் முக்கியமானது ஆல்-ரெட். ஒரு பக்கத்துப் பச்சை அணைந்ததும் நான்கு பக்கமும் சிவப்பாகவே நிற்கும் சில விநாடிகள் அவை. ஏற்கெனவே உள்ளே நுழைந்த வண்டி சுற்றி வெளியேற அந்த அவகாசம் வேண்டும். ஸ்டாப்வாட்சோடு ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று, தண்ணீர் லாரிகளையும் பார்த்துவிட்டு, ஏழு விநாடி வைத்தேன்.

மறுநாள் போக்குவரத்துக் காவல் அதிகாரி வந்தார். காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"நாலு பக்கமும் எதுக்குய்யா சும்மா நிக்குது? ரிப்பேருன்னு நினைப்பான். ரெண்டு செகண்ட் வை."

"உள்ள இருக்கற வண்டி வெளிய போவாது சார்."

"அதெல்லாம் டிரைவர் பாத்துப்பான். சொன்னதச் செய்."

செய்தேன். சிக்னல் நேரத்தை வைக்கும் கன்ட்ரோலர் பெட்டியின் லாக் புக்கில் 'ஆல்-ரெட் ஏழிலிருந்து இரண்டு, அதிகாரியின் வாய்மொழி உத்தரவுப்படி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2. மெமோ யாருக்கு?

மூன்றாம் நாள் காலை, ஃபேக்டரி ஷிஃப்ட் நேரம். ஒரு லாரி பாதி சுற்றும்போதே அடுத்த பக்கம் பச்சை விழுந்து பைக்குகள் பாய்ந்தன. தடுக்க ஓடிய போக்குவரத்துக் காவலர் செல்வியை ஒரு பைக் இடித்ததில் அவர் கால் எலும்பு முறிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரி டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். "நான் பச்சைலதான் உள்ள வந்தேன். பாதி சுத்தறதுக்குள்ள அந்தாண்ட வுட்டா நான் இன்னா பறந்தா போவேன்?"

அந்த வாரமே செல்விக்கு மெமோ வந்தது. கவனக்குறைவாக வட்டத்துக்குள் நின்றாராம். ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட காலோடு அதை என்னிடம் நீட்டினார்.

"நான் ஓடலன்னா அந்தப் பசங்க லாரிக்கு அடியில போயிருப்பாங்கண்ணே."

லாக் புக்கை எடுத்துக்கொண்டு நேரே அந்த மெமோ மீதான விசாரணைக்குப் போனேன். அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"காண்ட்ராக்ட் ஆளு நீ. இதெல்லாம் எழுத உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"மாத்தச் சொல்ல உங்களுக்கு இருந்துச்சுல்ல சார்? எழுத எனக்கு இருக்கு."

மெமோ ரத்தானது. ஆல்-ரெட் மறுபடி ஏழானது. ஆனால் அதிகாரியை ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னை வானகரத்துக்கு மாற்றினார்கள். செல்வி இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, எழுதி வைத்ததை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எது சரி என்று தெரிந்தும் தப்பானதை வைத்தவன் நான். உத்தரவு அவர்கள் போடுவார்கள், பெட்டியின் சாவி உங்களிடம்தான் இருக்கும். தப்பென்று தெரிந்தால் திறக்காதீர்கள்.