பிஞ்சில் கட்டிய கல்

எங்கள் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுப் பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கூழாங்கல் இருக்கிறது. எலுமிச்சம்பழ அளவுதான். நடுவில் வாழைநார் கட்டிய தடம் கருத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கோயிலிலிருந்து கொண்டுவந்தது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுண்டு. நானும் திருத்துவதில்லை. அது புடலங்காயில் கட்டிய கல். புடலை பிஞ்சாக இருக்கும்போதே நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் காய் நேராக இறங்கும், விட்டுவிட்டால் சுருண்டுகொள்ளும். இந்தக் கல்லைக் கட்டியவர் என் மாமனார். கழற்றப் போனவள் நான்.

அந்த வருடம் ஓமலூருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மாமனாருக்கு மாசி மாதம்தான் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். எலும்பு கூடும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு ஏழாம் மாதம். முதல் தடவை தங்காமல் போனதால், இந்தத் தடவை தும்முவதற்குக் கூடப் பயந்தேன். மாசமாக இருப்பவள் தலைக்கு மேல் கையைத் தூக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஊரே சொல்லியிருந்தது. ஆக, கையைத் தூக்கக் கூடாத இரண்டு பேர். தலைக்கு மேலே பந்தல் நிறையப் புடலை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் இடுப்புயரச் செடிகள். அவற்றை மாமனார் தன் பாட்டுக்குப் பறிப்பார். நான் பின்கதவில் நின்று, அவர் குனிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்த பிறகு விடுவேன். கணவர் தினமும் போன் செய்து, "அப்பா என்ன பண்றாரு?" என்பார். "கத்தரிக்கா பறிக்கறாருங்க" என்பேன். "குனியறாரா?" என்று பதறுவார். குனியாமல் கத்தரிக்காய் எப்படிப் பறிப்பது? பிறகு போனை மாமாவிடம் கொடுக்கச் சொல்லி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்பார். நாங்கள் ஒருவருக்கு ஒருவர் காவல்.

பந்தல்தான் வம்பு. பிஞ்சுக்குக் கல் கட்ட அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சமையலறை முக்காலியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டால், பிஞ்சு மார்புக்கு நேரே வந்துவிடுமாம். "ஏனுங்க மாமா, இது நல்லா இருக்குதுங்களா?" என்று சத்தம் போட்டேன். "டாக்டரு கையத்தான சாமி தூக்க வேண்டாம்னாரு, காலத் தூக்க வேண்டாம்னா சொன்னாரு?" என்றார்.

அவரிடம் இன்னொரு பிடிவாதமும் இருந்தது. காய்க்கிற எதிலும் கத்தி படக் கூடாது. அந்த மாதம் ஓட்டின் மேல் சாய்ந்திருந்த முருங்கையை வெட்ட ஆள் வந்தபோது, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். "மாசமா இருக்கற புள்ள ஊட்ல இருக்குது. பூவும் பிஞ்சுமா நிக்கறத வெட்டினா அந்தப் பாவம் ஊட்டச் சும்மா உடாது" என்றார். ஓடு நொறுங்கினாலும் பரவாயில்லை என்றுவிட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அவர் அப்படிச் சொன்னபோது என் கை வயிற்றின் மேல் போனது.

பங்குனிக் கடைசியில் காற்று கிளம்பியது. மத்தியானம் வரை ஓர் இலை அசையாது, புழுங்கித் தள்ளும். அப்புறம் மேட்டூர்ப் பக்கம் வானம் கருக்கும், புழுதி எழும்பும், கரண்ட் போகும். காற்றில் கற்கள் ஆடினால் பிஞ்சு காம்போடு அறுந்துவிடும் என்பதால், காற்று வருவதற்கு முன் கற்களைக் கழற்ற வேண்டும். ஓய்ந்த பிறகு மறுபடி கட்ட வேண்டும். மேற்கே கருக்கும்போதே அவர் முக்காலியைத் தேடுவார். நான் அதை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். அது முக்காலியைவிட மோசமாக ஆடியது.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். வானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கருத்தது. அவர் எழுவதற்குள் நானே கழற்றிவிட்டால் டின்னில் ஏற மாட்டார் என்று கணக்குப் போட்டுப் பந்தலுக்கு அடியில் போனேன். நாலைந்து கல் கழற்றுவதற்குள் காற்று வந்துவிட்டது. பந்தற்கால்கள் கிறீச்சிட்டன, கற்கள் ஒன்றோடொன்று மோதின. கண்ணெல்லாம் புழுதி. பின்கதவிலிருந்து அவர் குரல் கேட்டது.

"கையக் கீழ போடு சாமி! உள்ளார வா!"

"நீங்க உள்ள போங்க மாமா! இன்னும் ரெண்டே காய்தானுங்க!"

மறுபடி அவர் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் பந்தலின் ஓரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்றே நினைத்தேன். "ஐயோ மாமா" என்று கத்திக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி ஓடினேன். அதற்குள் அவர் எழுந்து அடுத்த கொடியின் குழிக்குப் போய்க் குந்தினார். கையில் கருக்கரிவாள் இருந்தது. கொடிகளை ஒவ்வொன்றாக அடியோடு அறுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில் போய் நின்றபோது, கடைசிக் கொடியின் தண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பாவம் என்ற தலையோட போகட்டும். தாயும் புள்ளையும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. பிறகு நிமிர்ந்து பார்த்து, "இனி அங்க உனக்கு ஒரு சோலியும் இல்ல. வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

பந்தல் விழவே இல்லை. காற்று நாலு தூறலோடு ஓய்ந்துவிட்டது. மறுநாள் வெயில் ஏற ஏற இலைகள் துவண்டன; கல் கட்டிய காய்கள் மட்டும் அப்படியே தொங்கின. அவர் ஆள் கூப்பிட்டுப் பறித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். எங்கள் அடுப்பில் அது ஏறவில்லை. கழற்றிய கற்களைக் கிணற்றடியில் கொட்டியபோது ஒன்று என் கையிலேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் கொடி ஞாபகம் வரும். அவர் இருமினாலும் கொடி ஞாபகம்தான். பாவம் யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று புரியாமல், இரண்டு பக்கமும் காது வைத்துக்கொண்டிருந்தேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவர் அவளைக் கையில் வாங்கியதும் முதலில் விரல்களைத்தான் பார்த்தார், ஒவ்வொன்றாக. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் என்னைப்போலவே அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். அவள் பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தார். ஒரு காலையில் காப்பி ஆறுவதற்குள் போய்விட்டார். வயசாகிவிட்டது என்றார்கள் எல்லோரும். இருக்கலாம். அன்று அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும்.

இப்போது எங்கள் மொட்டைமாடியில் பைகளில் செடி வைத்திருக்கிறோம். மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். கம்பிப் பந்தலில் புடலை ஏற்றியவள் அவள்தான். கல் கட்டுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். போன வாரம் பிற்பகலில் ஏற்காட்டு மலை திடீரென்று புழுதியில் மறைந்தது. தகரக் கூரை ஒன்று எங்கோ அடித்துக்கொண்டது. அவள் நாற்காலியின் மேல் ஏறி நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் கல் கழற்றிக்கொண்டிருந்தாள். "கீழ எறங்குடி!" என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டே காய்தாம்மா!"

அவள் இறங்கி வந்து, "ஏம்மா கத்தியோட நிக்கற?" என்று கேட்ட பிறகுதான் என் கையைப் பார்த்தேன். வெண்டைக்காய் அறுக்க வைத்திருந்த கத்தி. எப்போது எடுத்தேன், எப்போது கொடியின் அடிக்குப் போய் நின்றேன் என்று தெரியவில்லை. "சும்மாதான்" என்றேன். அவள் கழற்றிய கல்லை என்னிடம் நீட்டினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன்.