அம்மனுக்கு முந்தி எடுத்த ஒப்பட்டு

போன வாரம் ஓசூர் எல்லையில் ஜூஜுவாடியில் மாட்டிக்கொண்டேன். ஷிப்ட் விடும் நேரம், முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, நடுவில் நானும் என் ஸ்கூட்டரும். ஓரத்துக் கடையில் ஒருவர் தோசைக்கல்லில் ஒப்பட்டு, அதுதான் நம் போளி, போட்டுக்கொண்டிருந்தார். வெல்லமும் ஏலக்காயும் நெய்யில் காயும் வாசம் டீசல் புகையையும் மீறி வந்தது. வண்டிகள் நகர்ந்த பிறகும் நான் நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டியது கன்னடத்தில் என்பதால் அவ்வளவாக வலிக்கவில்லை.

எனக்கு ஒப்பட்டு என்றால் ஓசூரைத் தாண்டிப் பேரிகைப் பக்கத்தில் ஒரு ஊர்தான் ஞாபகம். பத்தொன்பது வயதில் முதல்முறை அங்கே போனேன். திருநெல்வேலியில் கல்லூரி இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். எங்கள் ஜெபக் குழுவிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊழியம் செய்ய மூன்று பேரை அனுப்பினார்கள். நான், என் தோழி ஸ்டெல்லா, எங்களுக்குத் தலைவராக டேவிட் அண்ணன். ஒரு கஞ்சிரா, பாட்டுப் புத்தகங்கள், படம் ஒட்டிக் கதை சொல்ல ஒரு ஃபிளானல் போர்டு. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் ஊரையே மாற்றிவிடுவோம் என்று நம்பித்தான் பஸ் ஏறினோம். சிரிக்காதீர்கள், அந்த வயதில் நீங்களும் எதையாவது நம்பியிருப்பீர்கள்.

ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூட இல்லை. புளி வியாபாரம் செய்த ஒரு பாய் தன் குடோனை ஒட்டிய அறையை எங்களுக்கு விட்டார். ஒரு மாதம் எங்கள் துணி, தலையணை, வேதப்புத்தகம் எல்லாமே புளி மணத்தன. "யானை சானமாவு காட்டுல இருக்குது, இங்க வராது. வந்தா மட்டும் வெளிய வராதீங்க" என்பது பாய் எங்களுக்குச் சொன்ன ஒரே நிபந்தனை.

பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க இடம் வேண்டுமே. நஞ்சம்மா அக்கா தன் வீட்டு வாசலைக் கொடுத்தார். பெரிய வாசல், ஓரத்தில் புங்கமரம். அவரும் கணவர் வெங்கடப்பாவும் தக்காளியும் ராகியும் போடும் விவசாயிகள். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ், மாட்டோடு கன்னடம். பிள்ளைகள் நாற்பது பேர் வந்தார்கள். எங்கள் பாட்டுகளை ஒரே நாளில் பிடித்துக்கொண்டு, அதைப் பாடியபடியே மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஓடினார்கள். டேவிட் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஒரு வெள்ளிக்கிழமை நஞ்சம்மா அக்கா கோயிலிலிருந்து மாவிளக்கு மாவு கொண்டுவந்தார். ஆசையாக என் கையில் வைக்க வந்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் பால்குடி மறந்த நாளிலிருந்து படித்த பாடம். வேண்டாம் என்று சொல்லிச் சிரித்திருந்தால் போதும். நான் பிரசங்கம் செய்தேன். நாற்பது பிள்ளைகள் பார்க்க, பத்து நிமிடம். அவர் மாவை முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம் வெளியே வரவே இல்லை. சனிக்கிழமை வாசல் முழுக்கப் புளி காய்ந்தது. "இனிமே இப்படித்தான் காயப் போடணும்" என்றார் வெங்கடப்பா, என் முகத்தைப் பார்க்காமல். வியாழக்கிழமை நிறைவு விழா. தாவீது கோலியாத் நாடகம் தயார். கோலியாத்தாக நடிக்கவிருந்த பையன் நாலு நாளாக மீசை வரைந்துகொண்டே திரிந்தான். வாசல் போனால் எல்லாம் போச்சு. ஆனால், உங்களிடம் மறைப்பானேன், எனக்கு நாடகத்தைவிட அந்த அக்காவின் முகம்தான் தொந்தரவு செய்தது. 

திங்கட்கிழமை நானே போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, உங்க வீட்டுச் சாப்பாடு வேண்டாம்னு இல்ல. சாமிக்குப் படைச்சதை மட்டும்தான் சாப்பிட மாட்டோம்."

"அப்ப எங்க கையால குடுத்தா ஆகாதுன்னு சொல்லல?"

"ஐயோ, இல்லவே இல்லக்கா!"

"எங்க சாதி சனத்தைப் பத்தி என்ன நெனச்சியோன்னு மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல பாப்பா. இதைச் சொல்ல உனக்கு மூணு நாளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு அம்மன் பண்டிகை. காலையில வா."

அந்த நேரத்தில் நான் அழுதேன். அறைக்குத் திரும்பி ஸ்டெல்லாவிடம் கண்ணில் தூசி என்றேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அடுப்படியில் ஒப்பட்டு அடுக்கியிருந்தது. வாழையிலையில் நாலு எடுத்து வைத்து, நெய் ஊற்றி என் முன்னால் தள்ளினார். "தின்னு. இன்னும் சாமிக்கு வைக்கல." நானும் யோசிக்காமல் தின்றேன். மூன்றாவதில் இருந்தபோது வெங்கடப்பா வந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மனுக்கு முந்தி எடுத்துட்டியா? இனி இதை எப்படிப் படைக்கறது?"

"வச்சுட்டா புள்ள திங்காதே. மறுபடி செஞ்சாப் போச்சு. கடலப்பருப்புக்கா பஞ்சம்?"

"பத்து மணிக்கு அம்மன் வாசலுக்கு வந்துடும்டி!"

கையிலிருந்ததை இலையில் வைத்தேன். படைக்கும்வரை அந்த அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பூரணத்தின் இனிப்புகூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் தன் தெய்வத்துக்கு முந்தி எனக்கு எடுத்து வைத்திருக்கிறார். அன்பைப் பற்றி இவருக்குச் சொல்லிக்கொடுக்க நான் கிட்டத்தட்ட ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் பயணம் செய்து வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அவர் மறுபடி பருப்பை வேகப் போட்டார். "நானும் செய்யறேன்க்கா" என்றேன். மேலும் கீழும் பார்த்தார். "தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து உக்காரு."

ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் மாவு தட்ட, நான் பூரணம் உருட்டினேன். என்னைத் தேடிக்கொண்டு டேவிட் அண்ணன் வந்தார். ஈரத் தலையும் வெல்லக் கையுமாக நான்.

"என்னம்மா பண்றே?"

"பூரணம் உருட்டறேன் அண்ணே."

"யாருக்கு?"

நான் அடுத்த உருண்டையை எடுத்தேன். வெங்கடப்பாதான் சொன்னார்: "குளிச்சுட்டுத்தாங்க உருட்டுது, ஒண்ணும் தப்பில்ல." டேவிட் அண்ணனுக்கு ஏதோ ஆறுதல் சொல்வதாக அவர் நினைப்பு.

அம்மன் ஊர்வலத்தின் மேளதாளம் தெருமுனையில் கேட்டபோது தட்டு தயாராகிவிட்டது. படைத்து முடித்து, நஞ்சம்மா அக்கா தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் குழு நோட்டில் தினமும் செய்த ஊழியத்தை எழுத வேண்டும். நான் 'சமையல்' என்று எழுதினேன். டேவிட் அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்.

மறுநாள் வாசலில் புளியைக் காணோம். வியாழக்கிழமை கோலியாத் விழுந்தபோது நஞ்சம்மா அக்கா முன்வரிசையில் சிரித்துச் சிரித்து இருமினார். அந்த மாதத்தில் யாரும் மதம் மாறவில்லை, நான் உட்பட. ஆனாலும் இவ்வளவு திருப்தியாக ஒரு விடுமுறையை அதற்குப் பிறகு நான் கழித்ததில்லை.

படிப்பு முடிந்து எனக்கு ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வருடா வருடம் பண்டிகைக்குப் போய்விடுவேன். நஞ்சம்மா அக்கா அதற்குப் பிறகு உஷார். எனக்கென்று தனியாகக் கொஞ்சம் மாவும் பூரணமும் முதலிலேயே பிரித்துவிடுவார். இரண்டு தட்டு வைப்பார். "இது அம்மனுக்கு முந்தி. இது பிந்தி. உனக்கு எது ஆகுமோ எடுத்துக்க." முதல் இரண்டு வருடம் முந்தியதை மட்டும் தின்றேன். மூன்றாவது வருடத்திலிருந்து இரண்டையும்.

"உங்க சாமி ஒண்ணும் சொல்லலியா பாப்பா?"

"இன்னும் கூப்பிட்டு விசாரிக்கலக்கா."

முதுகில் ஒன்று வைப்பார்.

அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. வாசல் இருந்த இடத்தில் கம்பெனிப் பையன்களுக்கு வரிசையாக வாடகை அறைகள். புங்கமரம் இல்லை. இந்த வருடமும் பண்டிகைக்குப் போனேன். அக்காவின் மருமகள் தங்கமான பெண். உட்கார வைத்து, ஃபேனைப் போட்டு, நெய்யைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தாள்.