எதிர்ப்பக்கக் கதிரை

கூடைப்பந்துத் தரையின் கடைசிப் பலகை மற்றதோடு சேர்ந்து இறுகும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணை முழங்காலைத் தடவிக்கொண்டு எழும்பி, "சரி, இனி வெள்ளையள் ஓடட்டும்" என்பார். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் கறுப்பர்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைப்பேன், சொல்லமாட்டேன்.

அது எண்பதுகளின் கடைசி. லண்டன் நடுவில் இருந்த அந்த உள்ளரங்கில் ஒரு நாள் பாட்டுக் கச்சேரி நடக்கும், மறுநாள் குத்துச்சண்டை நடக்கும். சனிக்கிழமைகளில் நகரத்துக் கூடைப்பந்து அணி ஆடும். காலையில் சீமெந்துத் தரையின் மேல் பலகைகளை அடுக்கி ஆடுகளமாக்குவது எங்கள் வேலை. அண்ணை எனக்கு உறவில்லை. கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரே வீட்டில் அறை எடுத்திருந்தோம், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு ஆங்கிலம் வாயில் வராது. கிழமை முழுக்க நான் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

வேலை முடிந்தபின், விலைபோகாத மேல் வரிசைக் கதிரைகளில் இருந்து ஆட்டம் பார்க்க எங்களை விடுவார்கள். அண்ணைக்கு விதிகள் அரைகுறையாகத்தான் தெரியும். ஆனாலும் சத்தத்துக்குக் குறைவில்லை. "எறியடா! கையில வைச்சு என்ன பொங்கவே போறாய்?" என்று கத்துவார். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் குனிந்துகொண்டு சிரிப்பேன்.

பிறகு அண்ணையின் மனைவியும் இரண்டு மகள்களும் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர் வேறு வீட்டுக்குப் போனார். ஒரு சனிக்கிழமை, தரையைப் போட்டு முடித்த கையோடு, வாசலில் நின்ற குடும்பத்தைக் கூட்டிவரப் போனார். நான் வழமைபோல மேலே தனியாகப் போய் இருந்தேன். ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்தால், எதிர்ப்பக்கம் கீழ் வரிசையில் நால்வரும் இருந்தார்கள். அண்ணை என்னைக் கண்டு கையை உயர்த்தினார். இளைய மகளைத் தூக்கி மடியில் வைத்தார். வளர்ந்த பிள்ளை, அவள் நெளிந்தாள். அண்ணை மறுபடி கையை அசைத்தார்.

எத்தனையோ வருடம் பிரிந்திருந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் போய் இருக்க நான் யார்? சுகம் விசாரிக்கிறார் என்று எண்ணி நானும் கையை உயர்த்திவிட்டு இருந்துவிட்டேன். இடைவேளை வரை அந்தப் பிள்ளை மடியிலேயே இருந்தாள். அவள் கதிரை காலியாகக் கிடந்தது. பிறகு இறங்கி அதில் இருந்துகொண்டாள்.

அடுத்த முறை பலகை தூக்கும்போது அண்ணை கேட்டார்.

"ஏன்டா வரேல்லை?"

"நீங்கள் கூப்பிடேல்லையே அண்ணை."

"கையைக் காட்டினனான்தானே! தட்டத்தோட வந்து கூப்பிட நீ என்ன மாப்பிள்ளையோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். வருகிற சனி கட்டாயம் வாறன் என்றேன். ஆனால் அந்தச் சனியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. கொஞ்ச நாளில் அண்ணையும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை எடுத்துக்கொண்டார். நான் எதிர்ப்பக்கத்துக்கு இறங்கிப்போய், அவர்கள் இருந்த வரிசையில் இருந்து ஒரு ஆட்டம் பார்த்தேன். கத்துவதற்கு ஆள் இல்லாத ஆட்டம் நீளமாக இருந்தது. தொண்ணூறுகளில் அணியும் அந்த அரங்கை விட்டுப் போனது. அதற்கு முன்பே அண்ணை குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் யாராவது தூரத்திலிருந்து கையை உயர்த்தினால், யோசிக்காமல் எழும்பிப் போய்விடுகிறேன். அனேகமாக அவர்கள் கூப்பிட்டது எனக்குப் பின்னால் நிற்கிறவரை.